டிலனின் நிலவறை முறையில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது எப்படி

நண்பர்களைக் கூட்டிவைத்து வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, என்ன மைக் வாங்கலாம்?" என்பதுதான். மைக்குக்கு அப்புறம் வருவோம். 1967-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வாடகை வீட்டின் நிலவறையில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனும் அவருடைய கூட்டாளிகளும் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் கிதார் வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் எங்கள் வீட்டு ஹாலில் அண்ணன், தம்பி, மாண்டலின் வாசிக்கும் பெரியப்பா, கொயர் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் சேரும். அதைப் பதிவு செய்ய நான் வைத்திருக்கும் முறையில் பெரும்பகுதி அந்த நிலவறையிலிருந்து எடுத்ததுதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 வரைக்கும் டிலன் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். சாதாரண கிதாரும் மவுத் ஆர்கனுமாக நாட்டுப்புறப் பாட்டு பாடி வந்தவர் எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கியதும் பழைய ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷம் மே 17 அன்று மான்செஸ்டர் கச்சேரியில் கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தியது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. ஜூலை 29 அன்று வுட்ஸ்டாக் பக்கத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். அடுத்து இருந்த கச்சேரிகள் ரத்தாயின. மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அவருக்குப் பின்னணி வாசித்த ஹாக்ஸ் குழுவினரும் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தார்கள். ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மானுவல், கார்த் ஹட்சன் மூவரும் வெஸ்ட் சாகர்ட்டீஸ் என்ற இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். வெளிச்சுவர் இளஞ்சிவப்பு நிறம், அதனால் பெயர் பிக் பிங்க். கிதார்காரர் ராபி ராபர்ட்சன் வேறு வீட்டிலிருந்து வந்துபோனார். முதலில் டிலன் வீட்டிலேயே ஓர் அறையில் வாசித்துப் பார்த்தவர்கள், 1967 கோடையில் பிக் பிங்கின் நிலவறைக்கு மாறினார்கள். டிலன் பகலில் வருவார், காபி குடிப்பார், மேலே டைப்ரைட்டரில் எதையாவது தட்டுவார், அப்புறம் எல்லோரும் கீழே இறங்குவார்கள். இலையுதிர் காலம் வரைக்கும் இப்படியே போனது. நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் டேப்பில் ஏறின. ஆல்பம் போடும் எண்ணம் அப்போது யாருக்கும் கிடையாது. அந்த டேப்புகளைத்தான் உலகம் பிறகு 'பேஸ்மென்ட் டேப்ஸ்' என்று தேடி அலைந்தது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

அறை

அந்த நிலவறை ஒலிக்கு எந்த விதத்திலும் ஏற்ற இடமில்லை. தரை கான்கிரீட், சுவர் பூசாத சிமென்ட் பிளாக், போதாததற்கு வீட்டைச் சூடாக்கும் பெரிய இரும்பு உலை ஒன்று நடுவே நின்றது. ஒலி விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டியபோது, பதிவு செய்ய இதைவிட மோசமான இடம் கிடையாது என்று அவர் சொன்னதாக ராபர்ட்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் தரையில் ஒரு கம்பளத்தை விரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

நம் வீட்டு ஹாலும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். மொசைக்கோ டைல்ஸோ போட்ட தரை, வழவழவென்று பூசிய சுவர், உலைக்குப் பதில் இரும்பு பீரோ. அறையின் நடுவில் நின்று ஒரு தடவை ஓங்கிக் கைதட்டுங்கள். 'டர்ர்' என்று ஒரு சின்ன அதிர்வு வால் மாதிரி வந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சத்தத்தைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். முதலில் தரையில் ஜமுக்காளத்தை இரண்டு மடிப்பாக விரியுங்கள். அப்புறம் பாடுகிறவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒரு கனத்த போர்வையைக் கொடியில் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் அது இன்னும் நன்றாகச் சத்தத்தை வாங்கும். எதிர்ச் சுவரில் துணி அலமாரி இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். தொங்கும் சேலைகள் இலவச ஒலித் தடுப்பு.

பீரோவைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். கிதாரில் கீழ் இ தந்தியைத் தட்டிக்கொண்டே கையை பீரோ மேல் வைத்துப் பாருங்கள். சில சுரங்களுக்கு அது கூடவே நடுங்கும். மேலே இருக்கும் சூட்கேஸ், உள்ளே இருக்கும் பித்தளைச் சாமான், கதவில் தொங்கும் சாவிக்கொத்து எல்லாம் சேர்ந்து பாட்டுப் பாடும். சாவியை எடுத்துவிட்டு கதவு இடுக்கில் ஒரு துணியைச் செருகினால் அடங்கிவிடும். எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு இருக்கும் அறையில் பதிவே வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்பது எப்போதும் வரும் கேள்வி. தெருச் சத்தத்துக்குப் பயந்து எல்லோரும் மூடச் சொல்வார்கள். நான் திறக்கச் சொல்வேன். 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர், எதிரொலி தாங்காத ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யக் கிளம்பினார். பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து போட்டு, ஓர் ஆர்கன் குழலை ஊதி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். ஒரு பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல், திறந்த ஜன்னல். அதில் போய் விழும் ஒலி திரும்பி வருவதே இல்லை, அவ்வளவும் வெளியே போய்விடும். காசு செலவில்லாமல் இதைவிட நல்ல சாதனம் வேறு என்ன இருக்கிறது? டிலனும் 1969-இல் 'ரோலிங் ஸ்டோன்' பேட்டியில், பதிவு செய்வதென்றால் யார் வீட்டு நிலவறையிலாவது, ஜன்னல் திறந்திருக்க, தரையில் நாய் படுத்திருக்க, நிம்மதியாகச் செய்வதுதான் சரியான வழி என்றார். நாய் உங்கள் விருப்பம். ஜன்னல் வழியாகக் காக்கா சத்தம் வந்தால் வரட்டும். பஸ் ஹாரனை மட்டும் தவிர்க்கத் தெரு ஓய்ந்த நேரமாகப் பாருங்கள். எங்கள் தெருவில் மூன்று மணியிலிருந்து நான்கரை வரைக்கும் ஒரு ஈ காக்கை இருக்காது.

ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். நெல்லை வெயிலில் அது கொடுமைதான். ஆகவே இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை ஃபேனைப் போட்டு மோர் குடியுங்கள். ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடித் திறப்பீர்கள், ஃப்ரிட்ஜைப் போட மறக்க மாட்டீர்கள். வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் இது. போன்கள் எல்லாம் ஏரோபிளேன் மோடில், முடிந்தால் அடுத்த அறையில்.

உட்காரும் விதம், வாசிக்கும் சத்தம்

மொத்தக் கட்டுரையிலும் இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலே போதும்.

சிமென்ட் சுவர்களுக்கு நடுவில் சத்தமாக வாசித்தால் காது வலிக்கும். 1966 முழுக்க அரங்கங்களை அதிரவைத்த அதே ஆட்கள் இங்கே வந்ததும் ஒருவரையொருவர் பார்த்தபடி நெருக்கமாக வட்டமாக உட்கார்ந்து மெதுவாக வாசித்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே விதியை ராபர்ட்சன் இப்படிச் சொல்கிறார்: பாடுகிறவர் குரல் உனக்குக் கேட்கவில்லை என்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய். அந்தக் கட்டாயம்தான் அந்தப் பதிவுகளுக்கு அப்படி ஒரு தொனியைக் கொடுத்தது. டிலன் கத்த வேண்டியிருக்கவில்லை. பேசுகிற குரலில், சில இடங்களில் முணுமுணுப்பாகவே பாடினார். டாங்கோவும் மானுவலும் பின்பாட்டு பாடும்போது குரல்கள் தானாகக் கலந்தன.

ஸ்டூடியோவில் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி, கண்ணாடி அறைக்குள் அடைத்துப் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த விதி புரியாது. அங்கே சத்தத்தை ஏற்றி இறக்க வேறு ஆள் இருக்கிறார். வீட்டில் அந்த வேலையை உங்கள் விரல்தான் செய்ய வேண்டும். பதிவில் குரல் கீழே போய்விட்டால் பிற்பாடு எந்தச் சாஃப்ட்வேராலும் முழுசாக மேலே கொண்டுவர முடியாது. ஒரே அறையில் எல்லோரும் வாசிக்கும்போது எல்லா மைக்கிலும் எல்லாச் சத்தமும் கலந்துதான் விழும்.

நாங்கள் செய்வது இதுதான். பாடுகிறவர் முதலில் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு சரணம் பாடுவார், பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்கிற அளவு குரலில். அந்தக் குரலை எல்லோரும் காதில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும். குரலின் சொற்கள் தெளிவாகக் கேட்கும் வரைக்கும்தான் சத்தம் ஏறலாம். கிதார்காரர்கள் தந்தியை மீட்டும் சின்ன வில்லையான பிக்கில் மெல்லியதைப் பயன்படுத்தினாலே பாதி பிரச்சினை தீரும். பிக்கை வைத்துவிட்டு கட்டைவிரலின் சதையால் மீட்டினால் இன்னும் நல்லது. தபேலாவுக்கு இடதுகைப் பக்கத்தில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போடுங்கள். தாளம் போடுகிறவரைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள். எங்கள் தம்பிக்கு இது பிடிக்காது. உற்சாகம் வந்தால் பிடியை விட்டுவிடுவான். அப்போது பெரியப்பா மாண்டலினை நிறுத்தாமலே, "ஏல, பாட்டு கேக்கலல" என்பார். அவ்வளவுதான், உடனே தணியும். அந்த வாக்கியம் பல பதிவுகளில் அப்படியே இருக்கிறது. நான் வெட்டுவதில்லை.

டிரம்ஸ் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஹாக்ஸின் டிரம்மர் லீவான் ஹெல்ம் 1965 கடைசியிலேயே குழுவை விட்டுப் போய், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு மேடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1967 இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வந்தார். அதுவரைக்கும் நிலவறையில் முறையான டிரம்மர் கிடையாது. பியானோக்காரர் மானுவல் சில சமயம் டிரம்ஸில் உட்காருவார். பல பாட்டுகளில் டிரம்ஸே இல்லை. தாளத்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் பாஸ் கிதாரும் மற்றக் கிதாரும் தாங்களே காலம் காத்தன. டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பைப் போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். பாட்டு கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும். ஆட்கள் ஒன்றாக ஓடி ஒன்றாக நின்றால் அது பிசிறாகத் தெரியாது.

மெஷின், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள்

பிக் பிங்கில் இருந்தவை: ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர், பல மைக்கின் சத்தத்தை ஒன்றாகக் கலக்கும் ஸ்டீரியோ மிக்ஸர் இரண்டு, சில மைக்குகள். ரெக்கார்டரும் மிக்ஸரும் டிலனின் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மனிடம் வாங்கிய இரவல். மைக்குகள் பீட்டர், பால் அண்ட் மேரி குழுவினருடையவை, அவையும் இரவல்தான். வாசிக்கிற நேரத்திலேயே டேப்பின் இரண்டே டிராக்கில் (ஒலித்தடத்தில்) எல்லாச் சத்தமும் நேராக இறங்கிவிடும். பின்னால் ஏற்ற இறக்க எதுவும் இல்லை.

ஆகவே இரவல் வாங்குங்கள். சர்ச்சிலோ பள்ளிக்கூடத்திலோ சும்மா கிடக்கும் மேடை மைக் இரண்டு போதும். இரண்டு மைக் செருகும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று அல்லது கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று. இரண்டும் கிடைக்காவிட்டால் போனிலேயே வேவ் ஃபைலாகப் பதியும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் வைத்துப் பதிந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் வரும் 'ம்ம்ம்' என்ற முனகல் அதிலேயே நின்றுவிடும். கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. விலை உயர்ந்த கன்டென்சர் மைக்கை இந்த மாதிரி ஹாலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்து வாங்கும்.

இரண்டு மைக் என்றால் ஒன்று பாடுகிறவருக்கு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில். மற்றது வாத்தியங்களுக்கு நடுவில், முதுகைப் பாடுகிறவர் பக்கம் காட்டியபடி. மேடை மைக்குகள் பின்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்காது என்பதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கையடக்க ரெக்கார்டர் ஒன்றுதான் என்றால் அதை மார்பு உயரத்தில் வட்டத்தின் நடுவில் நிறுத்தி, பாடுகிறவரை ஒன்றரை அடியிலும் கிதார், மாண்டலினை மூன்று நான்கு அடியிலும் தாளத்தை ஆறு அடியிலும் உட்கார வைத்து ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள். சத்தம் கூடியவரைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தவரை முன்னால் இழுங்கள். இந்த நாற்காலி நகர்த்தலுக்கு அரை மணி நேரம் தாராளமாகச் செலவழிக்கலாம். லெவலை, பாட்டின் உச்ச இடத்தில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வைத்துவிட்டு அப்புறம் தொடவே கூடாது.

தொடாமல் இருக்க ஒரு ஆள் வேண்டும். அங்கே அந்த ஆள் கார்த் ஹட்சன். குழுவிலேயே மூத்தவர், இசையை முறையாகப் படித்தவர். சின்ன வயதில் தன் மாமா நடத்திய ஈமச்சடங்கு இல்லத்தில் ஆர்கன் வாசித்தவர். ராக் குழுவில் சேர வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால், மற்றவர்களுக்கு இசை வாத்தியாராகப் போவதாகச் சொல்லி, ஆளுக்கு வாரம் 10 டாலர் பாடச் சம்பளம் வாங்கிக்கொண்டு சேர்ந்தவர் என்பது பிரபலமான கதை. சர்ச் ஆர்கன் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு அந்தக் குழுவில் அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். நிலவறையில் அவர் ஆர்கனும் வாசித்தார், ரெக்கார்டரையும் பார்த்துக்கொண்டார். தனியாக இன்ஜினியர் என்று ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து "ரெடி, டேக்" என்று சொல்லவே இல்லை. வீட்டுப் பதிவில் இதை அப்படியே பின்பற்றுங்கள். மெஷினைப் பார்ப்பவர் வாசிக்கிறவர்களில் ஒருவராக, நிதானமானவராக, பாட்டு முழுக்க விடாமல் வாசிக்க வேண்டியிராத வாத்தியத்தில் இருப்பவராக இருக்கட்டும். சும்மா வேடிக்கை பார்க்க வந்த மைத்துனர் கையில் கொடுக்காதீர்கள். வேடிக்கை பார்க்கிறவர் முன்னால் எல்லோரும் கச்சேரி பண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

எப்போது ஆன் செய்வது? ஹட்சனுக்கு டேப் தீரும் கவலை இருந்தது. நொடிக்கு 7½ அங்குலம் ஓடும் மெஷினில் 1,200 அடி ரீல் ஒன்று 32 நிமிடம்தான் வரும். அதனால் பாட்டு சூடுபிடிக்கும்போதுதான் ஓடவிட்டார். சில பாட்டுகள் நடுவில் தொடங்குகின்றன, சில அந்தரத்தில் அறுந்துவிடுகின்றன. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. ஆகவே சுருதி சேர்க்கும்போதே ஓடவிடுங்கள், சிவப்பு விளக்கு மேல் ஒரு துண்டு பேப்பரை ஒட்டிவிடுங்கள். ஆனால் மூன்று மணி நேரக் குவியலை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். நல்லதாக ஒன்று முடிந்ததும் மைக்குக்குப் பக்கத்தில் மூன்று தடவை கைதட்டுங்கள். அப்புறம் திரையில் அலைவடிவத்தைப் பார்த்தால் மூன்று கூர்முனை தனியாக நிற்கும். அதற்கு முன்னால் இருப்பதைக் கேட்டால் போதும்.

எதை முதலில் பாடுவது

சொந்தப் பாட்டோடு உட்காராதீர்கள். டிலன் குழு பல நாள் அடுத்தவர் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது. ஜானி கேஷ், கர்டிஸ் மேஃபீல்ட், ஜான் லீ ஹூக்கர் பாட்டுகள், கனடாவின் இயன் டைசன் எழுதியவை, கப்பல்காரர் பாட்டு, அயர்லாந்து ஜெயில் பாட்டு, யார் எழுதியது என்றே தெரியாத மலைநாட்டுப் பாட்டு. டிலனுக்கு இந்தப் பழைய சரக்கு ஏராளமாக மனப்பாடம். ஹாக்ஸ் ஆட்களோ பார்களிலும் நடன விடுதிகளிலும் ராக் அண்ட் ரோல் வாசித்து வளர்ந்தவர்கள், இந்த உலகம் அவர்களுக்குப் புதிது. அவர் ஆரம்பிப்பார், இவர்கள் கிதாரில் சுரக்கூட்டு (chord) எங்கே மாறுகிறது என்று அவர் கையைப் பார்த்துப் பின்னாலேயே போவார்கள். ஒத்திகை என்று தனியாக எதுவும் இல்லை. அப்படிப் பழகிய காதுகளோடுதான் கோடையின் நடுவில் புதுப் பாட்டுகள் வரத் தொடங்கின. அவற்றிலும் அந்தப் பழைய பாட்டுகளின் வாசம் அடித்தது.

நமக்கும் அதே வழிதான். எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த பழைய பாட்டு ஒன்றை எடுங்கள். ஞானப்பாட்டோ, கும்மியோ, அம்மாச்சி பாடின தாலாட்டோ, ரேடியோவில் கேட்டதோ. முழுசாகத் தெரிந்த பாட்டு வேண்டாம். அதை எல்லோரும் பழைய ரிக்கார்டு மாதிரியே வாசிக்கப் பார்ப்பார்கள். வரி மறந்தால் ஹம் பண்ணுங்கள், நிறுத்தாதீர்கள். நிலவறையில் பதிவான பாட்டுகளில் பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் 'ஐயம் நாட் தேர்' என்பதில் பாதி வரிகள் இன்னும் சொல்லாகவே உருவாகவில்லை. வாயில் வந்த ஒலிகளை வைத்து டிலன் கடக்கிறார். அவர் அதற்குத் திரும்பி வரவே இல்லை. அது அதிகாரபூர்வமாக வெளியே வர 2007 ஆனது.

புதுப் பாட்டுக்கு ஒரு வழி. ஒருநாள் டிலன் டைப் அடித்த காகிதம் ஒன்றோடு கீழே வந்து, இதற்கு உன்னிடம் ஏதாவது மெட்டு இருக்கிறதா என்று மானுவலிடம் கேட்டார். மானுவலின் கையில் ஏற்கெனவே பியானோவில் உருட்டிக்கொண்டிருந்த சில துண்டுகள் இருந்தன, சொற்களுக்குப் பொருந்தின. 'டியர்ஸ் ஆஃப் ரேஜ்' பிறந்தது அப்படி. இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்க மானுவலுக்குக் கூச்சமாம், அதனால் கேட்காமலே மெட்டமைத்தார். உங்கள் கூட்டத்தில் எழுதுகிற ஆள் ஒருவர், மெட்டுப் போடுகிற ஆள் இன்னொருவர் என்றால் காகிதத்தைக் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விடுங்கள். விளக்கவுரை வேண்டாம்.

ஒரு பாட்டை இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று தடவை. அதற்கு மேல் வாசித்தால் தப்பு குறையும், உயிரும் குறையும். வரவில்லையா, அடுத்த பாட்டுக்குப் போங்கள்.

பெயர் எழுதி வைப்பது

சலிப்பான வேலை, ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். ஃபைலின் பெயரில் தேதி, பாட்டின் முதல் வரி, பாடியவர், சுருதி. அசல் ஃபைலைத் தொடாமல் இரண்டு இடத்தில் பிரதி, அதில் ஒன்று வேறொருவர் வீட்டில். பேஸ்மென்ட் டேப்புகளில் எஞ்சியவை 2014 நவம்பரில் ஆறு சிடிகளில் 138 பதிவுகளாக முழுசாக வெளிவந்தன என்றால் அதற்குக் காரணம் ஹட்சன் ரீல்களைக் கட்டிக் காத்தது. டொரன்டோவைச் சேர்ந்த சேகரிப்பாளர் யான் ஹவுஸ்ட் அவரோடு சேர்ந்து அவற்றைச் சீர்ப்படுத்தினார். பழைய பதிவுகளைக் கேட்டு, இது எது, எப்போது என்று சொல்ல 47 வருஷத்துக்கு அப்புறமும் ஹட்சன் இருந்தார். 2025 ஜனவரியில் அவரும் போய்விட்டார். ஃபைலுக்கு 'ஆடியோ 0047' என்று பெயர் வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

மெருகு ஏற்றுவது

செய்யாதீர்கள். 1975 ஜூனில் கொலம்பியா நிறுவனம் 24 பாட்டுகளோடு இரட்டை ஆல்பமாக இதை வெளியிட்டபோது, ராபர்ட்சன் முன்னின்று சில பாட்டுகளில் புதிதாக வாத்தியங்களைச் சேர்த்தார், ஸ்டீரியோவை மோனோவாகச் சுருக்கினார். அதில் எட்டு பாட்டுகளில் டிலனே இல்லை. அட்டைப் படத்தில் இருக்கும் நிலவறைகூட பிக் பிங்க் கிடையாது, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளம். நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2014 தொகுப்பில் அதே பாட்டுகளை மேல்பூச்சு இல்லாமல் கேட்டால் ஆட்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காதாலேயே காட்ட முடிகிறது. நான் செய்வது மூன்றே விஷயம்: முன்னும் பின்னும் வெட்டுவது, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலைக் குறைப்பது, மொத்தச் சத்தத்தைக் கேட்கும் அளவுக்கு ஏற்றுவது. எக்கோ போட்டால் உங்கள் ஹால் காணாமல் போய்விடும்.

யாருக்கு அனுப்புவது

இதில் மட்டும் டிலன் கூட்டத்தைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கலாம். 1967 அக்டோபரில், மற்றப் பாடகர்கள் எடுத்துப் பாடட்டும் என்று 14 பாட்டுகளைத் தனியே பிரதி எடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அருமையான யோசனை. பீட்டர், பால் அண்ட் மேரி ஒன்று பாடினார்கள், பேர்ட்ஸ் குழுவினரும் பாடினார்கள், மான்ஃப்ரெட் மான் குழு பாடியது 1968 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. ஆனால் பிரதி என்று ஒன்று வெளியே போனால் அதற்குக் கால் முளைத்துவிடும். 1969 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸில் எழுத்தே இல்லாத வெள்ளை உறையில் 'கிரேட் ஒயிட் வொண்டர்' என்ற திருட்டு ஆல்பம் கடைகளுக்கு வந்தது. ராக் உலகின் முதல் பெரிய திருட்டு ரிக்கார்டு அதுதான். அதில் நிலவறைப் பாட்டுகள் ஏழு இருந்தன.

நம் ஊரில் அந்த வேலையை வாட்ஸ்அப் குரூப் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடும். ஆகவே பதிவு தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: பாடியவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது, அனுப்பினால் எம்பி3 மட்டும், அசல் வீட்டில். குடும்பக் குரூப்பில் போட்டால் அத்தை மகளின் கல்யாண வீடியோவுக்குப் பின்னணியாக வரும் என்பதை இப்போதே ஏற்றுக்கொண்டுவிடுங்கள்.

விருந்தாளி பாடகர்கள் வந்தால் வட்டத்தைக் கலைத்து அவர்களுக்காக அமையுங்கள். அதே 1967-இல் கிராஸ்மன் வங்காளத்திலிருந்து பூர்ண தாஸ், லக்ஷ்மண் தாஸ் உள்ளிட்ட பாவுல் பாடகர்களை (ஊர் ஊராகப் பக்திப் பாட்டு பாடித் திரிகிறவர்கள்) வுட்ஸ்டாக் பக்கம் அழைத்து வந்திருந்தார். அவர்கள் பிக் பிங்க் நிலவறைக்கு வந்து பாடியதையும் ஹட்சன் பதிவு செய்தார், பிறகு அது தனி ஆல்பமாகவே வெளிவந்தது. அந்த வருஷக் கடைசியில் வந்த டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்தின் அட்டையில் அவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அந்த இருவர்தான். வில்லுப்பாட்டுக்காரரோ கணியான் கூத்து ஆடுகிறவரோ உங்கள் வீட்டுக்கு வந்தால் கிதாரை எல்லாம் ஓரமாகச் சாய்த்துவிடுங்கள். கூட வாசிக்கிறேன் என்று யாரும் நுழைய வேண்டாம். அவர் எப்போதும் உட்காரும் விதத்திலேயே உட்காரட்டும், மைக் அவரிடம் போகட்டும். ஜமுக்காளம் அவருக்கு அடியில் இருந்தால் போதும். பாடி முடித்ததும் பதிவை அவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள், சம்பாவனையையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.